வாளிச் சீருக்கு ஜீப் காவல்

தேர்தல் நேரத்தில் திண்டுக்கல் பக்கம் விசேஷத்துக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்குச் சொல்ல ஆளில்லை, நன்றாக மாட்டிக்கொண்டேன்.

சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய வார ஞாயிற்றுக்கிழமை என் தங்கை செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. இடம், கன்னிவாடி தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயில். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும். அதற்குள் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்தியாக வேண்டும். அந்தத் தாய்மாமன் அடியேன். அப்பா அம்மா காலமாகிவிட்டதால் எங்கள் பக்கத்திலிருந்து போவதற்கு வேறு ஆளும் கிடையாது. நான் வராவிட்டால் யாரோ ஒன்றுவிட்ட மாமனை உட்கார வைத்துவிடுவார்கள், அந்தப் பேச்சு செல்விக்கு ஆயுசுக்கும் தீராது.

சென்னையிலிருந்து இரவு ரயில். காலை ஆறே முக்காலுக்குத் திண்டுக்கல் சந்திப்பு. அந்த நேரத்தில் பிரியாணி தேடி அலையாதீர்கள், இட்லியும் வடையும் எழுபது ரூபாயில் முடிந்தது. விருந்தாளிகளுக்குக் கொடுக்க எண்பது எவர்சில்வர் வாளி, குழந்தை பெயர் வெட்டி, பாத்திரக் கடையில் முன்பே சொல்லி வைத்திருந்தேன். பெயர் வெட்டுகிறவர் வந்து முடித்துக் கொடுக்க ஒன்பதரை ஆகிவிட்டது. கன்னிவாடி வரை இருபது கிலோமீட்டர், கோயிலுக்கு இன்னும் ஐந்து. குட்டியானை வேன் வாடகை தொள்ளாயிரம். ஓட்டுநர் சேவியர், திண்டுக்கல்காரர்.

"அண்ணே, எலெக்சன் நேரம். தார்ப்பாய் வேணாம், தெறந்தே போட்டுப் போவோம்" என்றார் சேவியர்.

சீர் வாளியில் தூசி படியலாமா? நான் பிடிவாதமாக மூடிக் கட்டச் சொன்னேன். விதி யாரை விட்டது!

ரெட்டியார்சத்திரம் அருகே தேர்தல் பறக்கும் படை கை காட்டியது. ஒரு பெண் அதிகாரி, இரண்டு காவலர், கேமராவோடு ஒருவர்.

"தார்ப்பாய்க்குள்ள என்ன சார்?"

"கிஃப்ட் மேடம்."

"யாருக்கு?"

"ஊர்ல எல்லாருக்கும்."

சேவியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏண்ணே, வாயில நல்ல வார்த்தையே வராதா?"

வாளிகள் ஒவ்வொன்றாகச் சாலையோரப் புளியமரத்தடிக்கு இறங்கின. கேமராக்காரர் ஒன்றுவிடாமல் படம் பிடித்தார். அந்தத் தொகுதியில் ஒரு சுயேச்சைக்கு வாளிதான் சின்னமாம். இது எனக்கு எப்படித் தெரியும்? பில்லைக் காட்டினேன், ஆதாரைக் காட்டினேன், வாட்ஸாப்பில் வந்த அழைப்பிதழைக் காட்டினேன். "இத யாரு வேணும்னாலும் அடிக்கலாம் சார்" என்றார் மேடம். செல்விக்குப் போன் போட்டால் மலையடிவாரத்தில் சிக்னல் இல்லை. மணி பத்தே முக்கால்.

அப்போதுதான் மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். கழுத்தில் துண்டு, வண்டி முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி. சாட்சாத் வேட்பாளரேதான், பெயர் முத்துக்காளை. தன் சின்னம் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த பூரிப்பு இருக்கிறதே!

"மேடம், இம்புட்டும் என் கணக்குலயே எழுதிக்கங்க."

"எழுதினா உங்க மேல கேசு வரும்."

"வரட்டும் மேடம். நாளைக்குப் பேப்பர்ல பேரு வரும்ல. இருவது நாளா ஒத்தையில சுத்துறேன், என் பொண்டாட்டிக்கே நான் நிக்கிறது முழுசாத் தெரியல."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "யோவ், உனக்குப் பேரு வேணும்னா நான் ஜெயிலுக்குப் போகணுமா? பன்னெண்டு மணிக்குள்ள எந்தங்கச்சி மகளுக்குக் காது குத்தணும், நான்யா தாய்மாமன்!" என்று கத்திவிட்டேன்.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தாய்மாமனா? அத மொதல்லயே சொல்ல வேணாமா சார்? கிஃப்டு, கிஃப்டுன்னுட்டு!" காவலர்களே வாளிகளைத் தூக்கி ஏற்றினார்கள். முத்துக்காளையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாலு வாளி எடுத்துக் கொடுத்தார், பாவம். மேடத்தின் தீர்ப்பு இது: படையும் கூடவே வரும். விசேஷம் நிஜமென்றால் பொருள் எங்களுக்கு, பொய்யென்றால் வழக்கு.

முன்னால் ஜீப், பின்னால் குட்டியானை. பதினொன்று நாற்பதுக்குக் கோயில் வாசல். ஜீப்பைக் கண்டதும் பந்தலில் இருந்த கட்சிக்காரர் இருவர் தென்னந்தோப்புக்குள் மாயமானார்கள். சமையல்காரர் கறிக்குழம்பு அண்டாவை வைக்கோல் போட்டு மூடினார்.

மாப்பிள்ளை வியர்த்துப்போய் ஓடி வந்தார். "என்ன மச்சான், சீரு கொண்டாங்கன்னா போலீசக் கொண்டாந்துருக்கீங்க!"

பதில் சொல்ல நேரமில்லை. மனையில் உட்கார்ந்தேன், பிள்ளை மடிக்கு வந்தது. ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தபோது பதினொன்று ஐம்பத்திரண்டு. பிள்ளை போட்ட சத்தம் திண்டுக்கல்லுக்கே கேட்டிருக்கும். செல்வி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வராமப் போயிருவியோன்னு உசுரே போச்சுண்ணே" என்றாள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவை: அழைப்பிதழை அச்சடித்தே கையில் வைத்திருங்கள். எதையும் மூடிக் கட்டாதீர்கள். தொகுதியில் யாருக்கு என்ன சின்னம் என்று விசாரித்துவிட்டுப் பாத்திரம் வாங்குங்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். அதிகாரிகளைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், மேடம் மோர்கூட வாங்கவில்லை.

பொருளை ஒப்படைக்கும்போது கேமரா முன்னால் வீட்டார் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் செல்வி சொன்னாள்.

"இந்த வாளியெல்லாம் யாரு கொண்டுவந்தது?"

"எங்கம்மா வீட்டுச் சீரு மேடம்."

"அம்மா வந்திருக்காங்களா?"

"இந்தா, உக்காந்திருக்காருல்ல" என்று என்னைக் காட்டினாள்.

அதற்குள் பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தது. நான்தான் ஆரம்பித்தேன். மேடம் கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை, அதுவும் பதிவாகியிருக்கும்.