இருளம்மாள் வாசலில் வைத்த கூழ்

போடியில் ஏலக்காய் பறிக்கும் காலம் வந்துவிட்டால் நடக்கிற கால்கள் எல்லாம் மலைக்குப் போய்விடும். நடக்க முடியாதவை ஊரில் கிடக்கும். மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு சொகுசாக இறங்க ஆரம்பித்திருந்த அந்தக் காலத்திலும், மனிதர்கள் என்னவோ குரங்கணி வழியாக நடந்துதான் ஏறினார்கள். ஏறினால் இறங்க மாதக்கணக்காகும். அதுவரை வீட்டில் கிடக்கும் கிழடுகளுக்கு யார் கூழ் ஊற்றுவது? அதற்கு மொக்கம்மாள் இருந்தாள்.

மலைக்குப் போகிறவர்கள் கம்பும் சோளமும் அவள் வீட்டில் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் இருட்டோடு எழுந்து குத்திக் காய்ச்சி, கலயங்களைக் கூடையில் அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். மொத்தம் ஐந்து வீடுகள். ஊற்றுவதோடு வேலை முடியாது. ஒருவருக்குத் தலை சீவ வேண்டும், ஒருவருக்குப் பாய் மாற்ற வேண்டும், எல்லோரிடமும் திட்டு வாங்க வேண்டும். அதிகம் திட்டுகிறவர் ஜக்கையன். அவருக்குக் கண்ணும் போச்சு, காலும் போச்சு. அதிகாரம் மட்டும் குன்றிமணி அளவும் குறையவில்லை.

ஒரே ஒருத்திதான் திட்ட மாட்டாள். இடுப்பு விழுந்த இருளம்மாள். கையை ஊன்றி ஊன்றி வாசல்வரை நகர்ந்து வந்து, கலயத்தை வாங்கிக்கொண்டு, "நீ உண்டியாத்தா?" என்று கேட்பாள். மொக்கம்மாளை அப்படிக் கேட்க ஊரில் வேறு நாதி கிடையாது.

அந்த இருளம்மாள் வீட்டு நிலையில்தான் ஒருநாள் காலை வேப்பிலை தொங்கியது.

கட்டியவள் எதிர்வீட்டுச் சுருளியம்மாள். "கழுத்து, கையெல்லாம் முத்து முத்தாப் போட்டிருக்கு. காய்ச்சலும் காயுது. ஆத்தா வந்து எறங்கிட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மொக்கம்மாள் தனக்காகப் பயப்படவில்லை. சிறுபிள்ளையிலேயே அம்மை அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது, முகமெல்லாம் தழும்பு. ஆனால் அம்மை கண்ட வீட்டுக்குள் போனவர்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இன்னொரு வாசல் மிதிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஜக்கையன் அதைக் கட்டிலில் கிடந்தபடியே உத்தரவாகப் போட்டார்.

"அந்த வாசப்படி தாண்டுனா இங்கிட்டு வராத. பட்டினி கெடந்து சாவேன், ஒன் கையால குடிக்க மாட்டேன்."

அவர் குடிக்காவிட்டால் மற்ற மூவரும் குடிக்க மாட்டார்கள். ஒருத்தியைப் பார்க்கப் போனால் நாலு பேர் பட்டினி. மொக்கம்மாள் கடைசியில் தெருவில் நின்றே கையை நீட்டிக் கலயத்தை நிலைப்படி ஓரம் வைத்தாள்.

"அத்தே, கூழு வச்சிருக்கேன். நகந்து வந்து எடுத்துக்கிறியா?"

"வச்சிட்டுப் போத்தா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மறுநாள் பார்த்தால் கலயம் வழித்துத் துடைத்தாற்போல் காலி. மொக்கம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அன்றும் வைத்தாள். அன்றும் "வச்சிட்டுப் போ" என்ற குரல் வந்தது, கொஞ்சம் கம்மியிருந்தது. அம்மைக் காய்ச்சல் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் அடுத்த நாள் முதலில் அந்தத் தெருவுக்கே வந்தாள். தலைக்கூடையில் மற்ற வீட்டுக் கலயங்கள் நிறைந்திருந்தன. தெருமுனையில் ஒரு செவலை நாய் அவளைக் கண்டதும் வாலைக் குழைத்துக்கொண்டு ஓடிவந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாய்கூட அவளை மதித்ததில்லை. இதற்கு மட்டும் எங்கிருந்து இத்தனை பாசம் வந்தது? நாய் அவளுக்கு முன்னால் ஓடி, இருளம்மாள் நிலைப்படி ஓரம் போய்ச் சட்டமாக உட்கார்ந்தது. காலிக் கலயம் தெருவில் உருண்டு கிடந்தது.

மொக்கம்மாள் வாசலுக்கு ஓடினாள்.

"அத்தே!"

பதில் இல்லை.

"அத்தே! ஏத்தே!"

சுருளியம்மாள் ஓடிவந்தாள். "ஏய், உள்ள போகாத! மத்த வீட்டுக்கு நீ எப்பிடிப் போவ? நாலு கெழடுக பாவம் ஒனக்கு வேணாம்டி!"

"இது மட்டும் பாவமில்லையா?" மொக்கம்மாள் கூடையை இறக்கி, இருளம்மாளின் கலயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைச் சுருளியம்மாள் கையில் திணித்தாள். "நாய அண்டவிடாமப் பாத்துக்க."

வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே இருட்டு. மூலையில், முன்பு பார்த்திராத ஒரு கம்பளிக்குள் இருளம்மாள் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது, மூச்சு மட்டும் இருந்தது. இரண்டு உள்ளங்கையும் வீங்கி அப்பம் மாதிரி இருந்தன. அந்தக் கையை எங்கே ஊன்றுவது, எப்படி நகர்வது? மொக்கம்மாள் அவளை மடியில் தாங்கி, கூழின் மேலே தெளிந்திருந்த நீத்தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு வாயில் விட்டாள். முதல் சொட்டு வழிந்தது. அடுத்ததும் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது.

காற்றுப் படட்டும் என்று கம்பளியை உருவி எறிந்தபோது மொக்கம்மாளின் கையே தீயாய் எரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டுவரை தடித்து முத்து முத்தாய் எழும்பியது. அம்மை இத்தனை வெரசாக யாருக்கும் வராது. கம்பளியைக் காலால் வெளிச்சத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். மயிரோடு மயிராக ஏதோ செடியின் பச்சைச் சுணை ஒட்டியிருந்தது.

"இது ஏதுத்தே?"

"எம் மகன்... மலச்சாமி... குளுருக்குப் போத்திக்கன்னு கொடுத்துட்டுப் போனான்."

காட்டில், தொட்டாலே தடித்து எரியும் செந்தட்டிப் புதர்மேல் விரித்துக் காயப்போட்டிருப்பான் போல. உதறக்கூடத் தோன்றாமல் பெற்றவளுக்குப் போர்த்திவிட்டு மலையேறிவிட்டான். காய்ச்சலில் குளிரக் குளிர அவளும் அதையே இழுத்து இழுத்துப் போர்த்தியிருக்கிறாள்.

"சுருளி! அம்மையுமில்ல, ஆத்தாளுமில்ல, செந்தட்டிடீ!" என்று மொக்கம்மாள் தன் தடித்த கையை வாசலில் நீட்டிக் காட்டினாள். "போயி ஜக்கையன் மாமாகிட்டச் சொல்லு. நம்பலன்னா கம்பளியக் கொண்டாறேன், அவரே போத்திப் பாக்கட்டும்."

சுருளியம்மாள் கூடையோடு ஓடினாள். மொக்கம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பயம் போனதும் கோபம் பொங்கியது.

"எடுக்க முடியலன்னு ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா? நாயி நக்கிட்டுப் போறது ஒனக்குத் தெரியலையா?"

"தெரியும்த்தா. சளப்பு சளப்புன்னு கேட்டுச்சு."

"பெறகு எதுக்கு 'வச்சிட்டுப் போ, வச்சிட்டுப் போ'ன்ன?"

இருளம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"முடியலன்னா நீ உள்ள வந்துருவ. நீ வந்துட்டா அந்த நாலு சீவனும் பட்டினில்ல கெடக்கும்."

மொக்கம்மாள் எரிகிற கையாலேயே கூழை அள்ளி அவள் வாயருகே கொண்டுபோனாள். இருளம்மாள் உடனே வாய் திறக்கவில்லை.

"நீ உண்டியாத்தா?" என்றாள்.