அறைக்கு எட்டாத ஒயர்

கொரட்டூரில் எங்கள் வீட்டுக்கு இன்று பிராட்பேண்ட் வந்தது.

இணைப்புக் கொடுக்க வந்த அண்ணன் கேட்டார்: "லேப்டாப்புக்கு லேன் ஒயரா, யுஎஸ்பி டாங்கிளா? டாங்கிள்னா எந்த ரூமுக்கு வேணா எடுத்துகினு போலாம்."

"டாங்கிள்" என்றேன். பிளஸ் டூ ஆன்லைன் வகுப்பை அறைக்குள் உட்கார்ந்து கவனிக்கலாம் என்ற ஆசைதான்.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒயரே போடுப்பா. ஹால்ல, என் சேருக்கு எதுர்ல. அளவா வெட்டு, ரூமுக்கு எட்டக் கூடாது."

"இன்னா சார், மாட்ட கட்ற மாரி சொல்றீங்க?"

அப்பா சிரித்தார். "பொண்ணு கீற ஊடு நைனா. கண்ணு முன்னாடியே இருக்கட்டும்."

அந்த அண்ணனும் சிரித்துக்கொண்டே வெட்டினார்.

மாலை வகுப்பில் சார் என்னிடம் கேள்வி கேட்டார். பின்னால் டிவியில் சண்டைக் காட்சி. பதில் தெரிந்தும் நான் மைக்கைத் திறக்கவில்லை.

எல்லோரும் தூங்கிய பிறகு ஸ்கேல் வைத்து அளந்தேன். அறை வாசலுக்கு இரண்டடி குறைகிறது.

இதைப் போர்வைக்குள், அம்மாவின் போனில் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் ஒயர் எவ்வளவு நீளம்? சீக்கிரம் சொல்லுங்கள். அம்மா எழுவதற்குள் இதை அழித்துவிட வேண்டும்.