இரண்டு கையிலும் மணிக்கூடு

பட்டாளத்து மணிக்கூடு சேர்க்கும் விசர் என்னைப் பிடித்தது ஒட்டுசுட்டானில் கிளாக்கராக இருந்த காலத்தில்தான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். திருகோணமலையில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விற்றுவிட்டுப் போன சுவிஸ் கைமணிக்கூடுகள் கொக்கிளாய் மீனவர்களிடமும் முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரிகளிடமும் அகப்படும். கறுப்பு முகம், இருட்டில் பச்சையாக மினுங்கும் இலக்கம், பின்மூடியில் பட்டாள முத்திரையாக ஒரு அம்புக்குறி. ஏழு சேர்த்திருந்தேன்.

"ஏழு கை முளைச்சிருக்கோ உங்களுக்கு?" என்று மனைவி கேட்பாள். நான் பல்லைக் காட்டிவிட்டு மணிக்கூடுகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அவளுக்கு முதற் பிள்ளைப்பேறு வீட்டில்தான். காலை நேரம். மருத்துவிச்சி உள்ளே, நான் முற்றத்தில். பிள்ளையின் தலை தெரிந்ததும் மருத்துவிச்சி ஒரு தேசிக்காயை, எலுமிச்சங்காயைத்தான், வாசலுக்கு வெளியே உருட்டிவிடுவாள். வெளியே நிற்பவன் உடனே நேரத்தைக் குறிக்க வேண்டும், அதை வைத்துத்தான் சாதகம் எழுதுவார்கள். அயலட்டையில் எல்லாரும் வெயிலைப் பார்த்துக் குத்துமதிப்பாகக் குறித்தவர்கள். என்னிடமோ சுவிஸ் மணிக்கூடு! எதைக் கட்டுவதென்று முடிவெடுக்க முடியாமல் கைக்கொன்றாகக் கட்டிக்கொண்டு நின்றேன், பெரிய துரை மாதிரி.

தேசிக்காய் உருண்டு வந்தது. இடது கையில் பத்துப் பதினேழு. வலது கையில் பத்து இருபத்தொன்பது.

இரண்டையும் காதில் வைத்துப் பார்த்தேன், இரண்டும் ஓடின. இரண்டு நேரத்தையும் கடதாசியில் எழுதினேன். கனநேரம் கழித்து மருத்துவிச்சி வந்து, பெண்பிள்ளை என்றாள். அந்தச் சந்தோசப் புளுகத்தில், பின்னேரம் வழக்கம்போல ஏழு மணிக்கூட்டுக்கும் சாவி கொடுத்து, கடை ரேடியோவின் நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்துவிட்டேன். எது பிழையாக ஓடியதென்று கவனிக்கவே இல்லை. மொக்கன்!

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த பிறகு சாத்திரியாரிடம் போனேன். அவர் இரண்டு நேரத்துக்கும் கணக்குப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, பத்துப் பதினேழெண்டால் பிள்ளைக்கு ஒரு வயசுக்குள்ள உயிர்க்கண்டம். மற்றதெண்டால் தீர்க்காயுசு. எது சரி?"

"தெரியேல்லை ஐயா."

"ரண்டு மணிக்கூடு கட்டிக்கொண்டு நிண்டிட்டோ தெரியேல்லை எண்டுறீர்?"

நல்ல நேரத்தை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, "தீர்க்காயுசாம்" என்று மனைவியிடம் நீட்டினேன். அவள் சிரித்தாள்.

அந்த வருடம் நான் பட்ட பயம் சொல்லி மாளாது. சோறு இறங்காது. பிள்ளை தும்மினால் எனக்கு வேர்க்கும். கந்தோரில் பேனையை வைத்துவிட்டுச் சைக்கிளில் பறந்து வந்து, தொட்டிலில் கிடப்பவளின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். "இதென்ன கூத்து?" என்பாள் மனைவி. பத்தாம் மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கொண்டுபோகும்போது, இதுதான் அந்தக் கண்டம், என்ரை பிள்ளை போகப்போகுது என்றே நினைத்தேன். பிள்ளை கண்மூடிக் கிடந்தது. நான் பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் முன்னால் அழுதேன். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, என் பயம் விடவில்லை.

முதலாவது பிறந்தநாளன்று கோயிலால் வந்த பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு நேரம், சாத்திரியார் சொன்னது, நான் சொன்ன பொய், எல்லாம். ஏசப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"பிள்ளைக்குப் பயந்தனீங்கள், சரி," என்றாள். "அண்டைக்கு ரத்தம் நிக்காமல் நான் கண் சொருகிக் கிடந்தனான். மருத்துவிச்சி ஐயோ எண்டு குழறினவா. நீங்கள் முத்தத்திலை ரண்டு கையையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறியள். நான் இருக்கிறனோ செத்திட்டனோ எண்டு ஆரிட்டையும் கேட்டனீங்களே?"

நான் கேட்கவில்லை. ஒரு வருடம் முழுக்கப் பயந்து செத்தவன், அன்று அவளுக்காக ஒரு நிமிடம்கூடப் பயப்படவில்லை.