விளக்கு அணைந்தது, கரண்ட் போகவில்லை

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். ஏற்காட்டை அடுத்த நாகலூரில், காபி எஸ்டேட்டை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். நான் பஸ் நிற்கிற இடத்தில் சின்னதாக ஒரு டிபன் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் மாவு ஆட்டினால்தான் மறுநாள் கடை.

இங்கே ஒரு இடி இடித்தால் போதும், எங்கள் வீட்டில் ப்யூஸ் போய்விடும். மாமனார் காலத்துப் பீங்கான் ப்யூஸ் கட்டைகள். பாதி ஆட்டிய மாவோடு கிரைண்டர் நின்றுபோகும். வீட்டுக்காரர் கம்பி சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், ஒருநாள் தடித்த கம்பியாகவே பார்த்துச் சுற்றிவிட்டார். அதற்குப் பிறகு ப்யூஸ் போகவில்லை. பதிலுக்குப் போர்டின் பின்னாலிருந்து ஒயர் கருகுகிற நாற்றம் வந்தது. இனி இந்தக் கட்டைகளே வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கோளாறு வந்தால் தானே அணைந்துகொள்ளும் ட்ரிப்பர் சுவிட்ச் போட்டுவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என் தம்பி சேலத்தில் லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன். சொன்னதும் காலை பஸ்ஸில் சாமான்களோடு வந்து இறங்கினான். வேலையை ஆரம்பிக்கப் போனவனிடம், கரண்ட் ஆபீஸில் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன்.

"நம்ம ஊட்டு போர்டை நாம மாத்தறோம். அவங்ககிட்ட எதுக்குக்கா சொல்லணும்?" என்று சிரித்தான்.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாவும் அவனுடன் சேர்ந்துகொண்டார். "ஏனுங்க, சும்மா இருக்கிறவங்கள நீங்களே போய்க் கூப்பிடுவீங்களா? வந்தா நாலு குத்தம் கண்டுபிடிப்பாங்க."

எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. தெரியாததைக் கேட்டுவிட்டால் தெரிந்துவிடப் போகிறது, அவ்வளவுதானே! வீட்டில் என்னைக் 'கேள்வித்தாள்' என்றே கூப்பிடுவார்கள். "நான் வர்ற வரைக்கும் போர்டுல கை வைக்காத சாமி" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன்.

கரண்ட் ஆபீஸில் ஒரு பெண் இன்ஜினியர் இருந்தார். சின்ன வயசுதான். ஸ்வெட்டரை இழுத்துவிட்டபடி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"ஊட்டுக்குள்ள இருக்கிற போர்டை லைசென்ஸ் இருக்கிறவர வச்சு நீங்களே மாத்திக்கலாமுங்க. அதுக்குன்னு எங்ககிட்ட சொல்லோணும்னு இல்லைங்க. மீட்டருக்கு முன்னால இருக்கிற ப்யூஸும் சீலும் மட்டும் எங்களுது, அதைத் தொடக்கூடாது" என்றார்.

அப்படியானால் தம்பி சொன்னதுதான் சரி. நன்றி சொல்லி எழுந்தேன். அப்போது அவர் ஒன்று கேட்டார்: "மெயின் சுவிட்ச் எப்படிங்க இருக்கு? அதுவும் பழசா?"

ப்யூஸ் கட்டை வந்தபோது வந்ததுதான், துருப்பிடித்த இரும்புப் பெட்டி என்றேன்.

அவர் முகம் மாறியது. "அப்படின்னா அதை ஆஃப் பண்ணிட்டோம்னு நம்பாதீங்க. விளக்கு அணைஞ்சாலும் நம்பாதீங்க. டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். எங்க ஆளு மத்தியானம் உங்க ஊருப் பக்கந்தான் வர்றாரு. எங்க ப்யூஸைக் கழட்டி வைக்கச் சொல்றேன், அப்புறமா வேலையைப் பாருங்க."

நான் வீடு திரும்பும்போது தம்பி காத்திருந்து காத்திருந்து பொறுமையிழந்திருந்தான். ஆபீஸில் சொல்ல வேண்டியதில்லையாம் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், "அதைத்தானே அப்பவே சொன்னேன்!" என்று மெயின் சுவிட்சின் பிடியைக் கீழே இழுத்தான். விளக்கு அணைந்தது. ஃபிரிட்ஜ் சத்தமும் நின்றது. போர்டின் மூடியைக் கழற்றி, ஒயரைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். மத்தியானம் லைன்மேன் வந்து ப்யூஸைக் கழற்றுவார், அதற்கு முன்னால் தொடுவதானால் டெஸ்டர் வைத்துப் பார் என்றேன். வேறு பையில் வைத்துவிட்டு வந்துவிட்டானாம்.

"எல்லாந்தான் அணைஞ்சிருச்சேக்கா. கடைசி பஸ்ஸுக்குள்ள முடிக்க வேண்டாமா?"

"பஸ் போனாப் போகட்டும். நீ தள்ளு."

பக்கத்து வீட்டில் ஓடிப்போய் டெஸ்டர் வாங்கி வந்தேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கி, ஒயரின் முனையில் வைத்தான். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது.

மழை ஈரத்தில் தரை சொதசொதவென்று இருந்தது. அவன் வெறுங்காலோடு நின்றிருந்தான். அப்படியே பின்வாங்கி, சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த மாசம் எனக்குக் குழந்தை பொறக்கப் போவுதுக்கா" என்றான்.

மத்தியானம் மழைக்கோட்டுடன் லைன்மேன் வந்து, மீட்டருக்கு முன்னாலிருந்த ப்யூஸைக் கழற்றினார். மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது எரியவில்லை. பழைய மெயின் சுவிட்சைத் திறந்து காட்டினான் தம்பி. உள்ளே இரண்டு தகடுகள். கரண்ட் திரும்பிப் போகிற தகடு விலகியிருந்தது, அதனால்தான் விளக்கு அணைந்தது. கரண்ட் வருகிற தகடு மட்டும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. பிடியை இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் போர்டில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அதையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினான். அன்றைக்குக் கடைசி பஸ் போய்விட்டது. அவன் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்தான்.

மறுநாள் கடையில் சுட்ட பணியாரத்தைத் தூக்கில் எடுத்துக்கொண்டு அந்த இன்ஜினியரைப் பார்க்கப் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நொம்பப் பேரு வந்து கேக்கறதே இல்லைங்க. கேட்டாத்தானே நாங்களும் ஒரு வார்த்தை சொல்ல முடியும்" என்றார்.

சட்டப்படி நான் அந்த ஆபீஸ் படியேறியிருக்கவே வேண்டியதில்லை; ஆனாலும் ஏறினேன். அதனால்தான் என் தம்பி உயிரோடு இருக்கிறான். அதற்குப் பிறகு, அவசியமில்லாத இடத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதற்கு எனக்கு இன்றுவரை துளியும் கூச்சமில்லை.