மேரிம்மாவின் ஒன்பது மணி அழைப்பு

அன்று காலை இரும்பு அறைக்குள் நான் நின்றபோது போன் அடிக்கவில்லை. கதவு நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். வெளியே வந்து, மேரிம்மாவின் மிஸ்டு கால் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். அவர் கணவருடையதுதான் இருந்தது. திருப்பி அழைத்தேன். "விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னா சார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட வரல, போய்ட்டா" என்றார். எங்கள் அற்புதமேரி அன்று என்னை அழைக்கவேயில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்த வழக்கம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாராவது வேண்டுமென்றே பலத்த மின்காந்த அலையை ஏவினால் ஆஸ்பத்திரிக் கருவியோ ரயில் சிக்னலோ அப்படியே செத்துப்போகலாம். கருவிகள் அதைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் மண்ணூர்பேட்டையில் எங்கள் சோதனைக்கூடத்தின் வேலை. அதற்காகவே அலை எதுவும் உள்ளே வராத, வெளியே போகாத இரும்பு அறை ஒன்று உண்டு. அதன் கதவு விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன உலோக விரல்கள். அவை நிலைச்சட்டத்தை அழுத்தித் தொட்டால்தான் அலை கசியாது. அளவுக் கருவியை எடுப்பதற்கு முன்பே மேரிம்மா ஒரு சோதனை வைப்பார். நான் போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவர் வெளியிலிருந்து அழைப்பார். மணி அடித்தால் எங்கோ கசிவு. ஓய்வு பெற்ற அன்றும் அந்த உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒம்போதானா மேனாம்பேட்டு வூட்லேந்து அடிப்பேன் நைனா. நீ பாட்டுக்கு உள்ள போய் சாத்திக்கோ" என்றார். அப்படியே செய்தும் வந்தார்.

அவர் வேலையில் இருந்த காலத்தில், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த ஒருநாள், உள்ளே என் போன் கணீரென்று அடித்தது. சோதிக்க வேண்டிய கருவியோடு வண்டி வாசலில் நிற்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எவன்யா கதவுல கை வெச்சது?" என்று கத்திக்கொண்டே வந்தேன். எங்கள் டெக்னீஷியன் தேவராஜ் பக்தி முற்றிப்போய் ஒவ்வொரு உலோக விரலுக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தான். அது காய்ந்து, விரல்களைச் சட்டத்தில் தொடவிடாமல் செய்திருந்தது. "மெஷினுக்குத்தான மேடம் பூஜை? வெக்காம எப்டி?" என்று விழித்தான். கைப்பையில் ஜெபமாலை இல்லாமல் வெளியே கிளம்பாத மேரிம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். ஸ்பிரிட் பஞ்சால் விரல்களைத் தாமே துடைத்தார். பிறகு சந்தனம் குழைத்து, வெளிக் கைப்பிடியில் பெரிய பொட்டாக வைத்தார். "சாமிக்குக் கைப்பிடி போதும் தேவராஜு. விரல நமக்கு வுட்ரு."

அதோடு விட்டாரா? இத்தகைய பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலைகளை எழுதும் குழு ஒன்றில் அவர் இருந்தார். அடுத்த காணொளிக் கூட்டத்தில் சந்தனக் கிண்ணத்தையே தூக்கிக் காட்டினார். அதைச் சாப்பிடலாமா என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டாராம். கதவு விளிம்பில் எதுவும் படிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும் என வரைவில் ஒரு வரி சேர்ந்தது. சந்தனம் என்ற பேச்சே அதில் இல்லை என்று நான் குதித்தேன். "வுடு நைனா. அந்த வாசன நமக்குத் தெரியும்ல" என்றார். அந்த வரைவு அச்சாகி வருவதைப் பார்க்க அவர் இல்லை.

இப்போது ஒன்பது மணிக்கு தேவராஜ்தான் அழைக்கிறான். சாத்திய கதவுக்குள் எந்த அழைப்பும் வராது. வெளியே யார் அடிக்கிறார்கள் என்று உள்ளே நிற்பவனுக்குத் தெரியப்போவதும் இல்லை. மேரிம்மா அடித்துக்கொண்டுதான் இருக்கிறார், கதவுதான் தடுக்கிறது என்று அங்கே நான் நினைத்துக்கொள்ளலாம். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தச் சாத்திய கதவும் அதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரமும்தான். தேவராஜ் கதவைத் தட்டுகிறான்.

"சார், தொறக்கலாமா?"

"இருடா. இன்னும் கொஞ்ச நேரம்."