அடுப்பை எடுக்க மறுத்த அமுதவல்லி

அமுதவல்லி இறந்த செய்தி எனக்குக் கிருமாம்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் வந்தது. வியாழக்கிழமை காலை. கடலூர்ப் பக்கமிருந்து பேருந்து வருவது தெரிந்து நான் பையைத் தோளில் மாட்டியபோது, என் மனைவி வசந்தி கைப்பேசியில் அழைத்தாள்.

"இன்னாங்க, அமுதாக்கா பூட்டாங்க."

"நேத்து சாயங்காலம் என்கிட்ட கத்திக்கினு இருந்தாங்களே?" என்றேன்.

"அதுக்கு இன்னா பண்றது? நீங்க வாங்க." வைத்துவிட்டாள்.

பேருந்து வந்து நின்றது. ஏறுங்க சார் என்று நடத்துநர் சத்தம் போட்டார். நான் ஏறவில்லை. என் கேள்விக்குப் பதில் வரவில்லையே என்றுதான் நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் மாலை தெருவே கேட்கும்படி கத்திய ஒருவர் மறுநாள் காலை இருக்கமாட்டார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதை எழுதும்போதும் முழுதாக ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

விடியற்காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எழவில்லை. பாகூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அறுபதை எட்டாத வயது. உடம்புக்கு முடியவில்லை என்று அவர் படுத்ததை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அவரைப் பற்றி நல்லபடியாக எழுத, அவரை அறிந்த உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எங்கள் ஊர் மகளிர் குழுவின் தலைவி, கரும்பு விவசாயி கலியபெருமாளின் மனைவி, எல்லோருக்கும் அக்கா. இதெல்லாம் படத்திறப்பு அன்று மேடையில் சொல்லப்பட்டது. என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் எழவில்லை. எனக்கும் அவருக்கும் பல வருடத்துப் பகை என்பது உங்களுக்குத் தெரியும். அதை மறைத்துவிட்டு மாலை போட எனக்கு வராது. எழுதினால் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பகை ஒரு கூடத்தைப் பற்றியது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது நானும் இரண்டு நண்பர்களும் கொம்யூன் பஞ்சாயத்துக்கு நடையாய் நடந்து வாங்கிய ஒற்றை அறைக் கட்டடம் அது. வாசகசாலை என்று பலகை மாட்டினோம். நண்பர்கள் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனார்கள். எனக்கு நேர்காணல்கள் கிடைத்தன. என்னைவிடக் குறைவாகப் படித்தவர்கள் அரசுக் கல்லூரிகளுக்குப் போக, நான் ஒரு தனியார் கல்லூரியில் நிரந்தரம் ஆகாத விரிவுரையாளராக நின்றேன். வாசகசாலை மட்டும் என் கையில் இருந்தது.

ஒருநாள் காலை அமுதவல்லி துடைப்பத்தோடு வந்தார். பின்னால் குழுப் பெண்கள், அவர்கள் கையிலும் துடைப்பம். ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். நான் போய்க் கேட்டேன்.

"இது வாசகசாலை. யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?"

"நாங்க பெருக்கும்போது நீ வரல. பெருக்கினவங்களுக்குத்தான் எடம்."

"இங்கே படிக்கிறவங்க இருக்காங்க."

"ஆமா, பின்னாடி சீட்டுக்கட்டப் படிக்கிறாங்க. ஒரு ராணிய வேற கீழ வுட்டுட்டுப் போயிருந்தாங்க. எடுத்து வெச்சிருக்கேன், குடுத்துடு."

பெண்கள் சிரித்தார்கள். சீட்டாடியது இரண்டே பேர், மற்றவர்கள் படித்தோம். அதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். பஞ்சாயத்தில் மனு கொடுத்தேன். "பொம்பளைங்க விஷயம், விட்டுடுங்க சார்" என்றார்கள். ஒரு அநியாயத்தை இப்படியும் முடித்துவைக்கலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அந்தக் கூடத்தில் அவர்கள் பொதுவாகப் பெண்கள் குழு செய்கிற எல்லாம் செய்தார்கள். கூட்டம் போட்டார்கள், தையல் சொல்லிக்கொடுத்தார்கள், சாராயக்கடை பள்ளிக்கூடத்துப் பக்கம் வரக்கூடாதென்று அங்கிருந்து கிளம்பிப்போய் மறியல் செய்தார்கள். இவற்றில் எதற்கும் நான் குறுக்கே நிற்கவில்லை. என் சண்டை அடுப்பைப் பற்றியது. புத்தக அலமாரிக்கு எதிரே பெரிய கேஸ் அடுப்பு ஒன்றை வைத்தார்கள். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் உலை வைக்கமாட்டார்கள் அல்லவா? அன்றைக்கு அந்த வீட்டாருக்கும் வந்தவர்களுக்கும் குழு சமைத்துப் போடும். இது அமுதவல்லி கொண்டுவந்த ஏற்பாடு. செய்தி கிடைத்ததும் அவர் முதலில் சாவு வீட்டுக்குப் போகமாட்டார். ஒவ்வொருத்திக்கும் போன் போட்டு, நீ அரிசி களை, நீ காய் நறுக்கு என்று பிரித்துக் கொடுத்து, உலை கொதித்த பிறகுதான் அழப் போவார். "அழறதுக்கு ஆளு வரும். அடுப்புக்கு வராது" என்பார்.

தாளிக்கிற புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் என் புத்தகங்களில் ஏறின. அடுப்பை வெளியே கொண்டுபோங்கள், பின்னால் கொட்டகை போட்டுக்கொள்ளுங்கள், கூடத்தைப் பாதி நாளாவது படிப்பவர்களுக்கு விடுங்கள். நான் கேட்டது இவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் கேட்டேன். ஒவ்வொரு வருடமும் ஏதாவது சொல்லி மறுத்தார்.

ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பித் தண்ணீர் கீழ்த்தெருவுக்குள் வந்துவிட்டது. வீட்டை விட்டு வந்தவர்களைக் கூடத்தில் வைத்துச் சமைத்துப் போட்டார். நான் எட்டிப் பார்த்தபோது, மாதவாரியாகக் கட்டி அடுக்கிவைத்திருந்த என் பழைய செய்தித்தாள்களைப் பிரித்து ஈரத் தரையில் விரித்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் பாதுகாத்து வெச்சது!" என்று கத்தினேன்.

"நீ படிச்சதுதான? இப்ப புள்ளைங்க படுத்துக்கட்டும்" என்றார், நிமிராமலே. "நின்னுக்கினு இருக்காத புரபசரே, அந்தாண்ட இருக்கிற பேப்பர் கட்டையும் எடுத்துக் குடு."

நான் புரொபசர் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தாள்கட்டை எடுத்துக் கொடுத்தேன். என்ன செய்வது, அதன்மேல் படுக்கக் குழந்தைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தத் தாள்கள் போனது போனதுதான்.

என் அப்பா இறந்தபோது, அந்தக் கூடத்து அடுப்பில் வெந்த சோறு என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று வசந்தியிடம் சொல்லியிருந்தேன். அமுதவல்லி தானே அண்டாவின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் நான் நின்றேன்.

"வேணாம்" என்றேன்.

"கோவத்த நாளைக்கு வெச்சிக்க, அது கெட்டுப்போவாது. சோறு கெட்டுப்பூடும். நவுரு."

நான் நகர்ந்தேனா, அவர் தள்ளினாரா என்பது நினைவில்லை. மறுநாள் தெருவில் பார்த்தபோது, "இன்னா, கோவம் பத்திரமா இருக்குதா?" என்று கேட்டார். அப்பா இறந்த மறுநாள் என்னைச் சிரிக்கவைக்க முயன்ற ஒரே ஆள் அவர்தான். நான் சிரிக்கவில்லை.

அவர் இறப்பதற்கு முந்தின நாள், புதன்கிழமை மாலையும் அடுப்புதான். அடுப்படித் தண்ணீர் ஊறி அலமாரியில் கரையான் ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டு நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். இனி மேலிடத்தில் புகார் செய்வேன், அடுப்பு இருக்கட்டும் அல்லது நான் இருக்கிறேன் என்று சொன்னேன். அவரும் கத்தினார். கலியபெருமாள் நடுவில் வந்து, "ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லியா?" என்றார். கடைசியில் அமுதவல்லி மூச்சு வாங்கிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம கூடத்துக்கு வா. எல்லாரையும் வெச்சிக்கினு உனக்குப் பதில் சொல்றேன். சொல்லிட்டேன்னா அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றார். என்ன பதில் என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

வியாழக்கிழமை பந்தலில் நின்றபோது, கலியபெருமாளின் தம்பி பக்கத்தில் வந்து, "இன்னா சார், பேசியே அனுப்பி வெச்சிட்டியே அண்ணிய" என்றான். விளையாட்டாகச் சொன்னானோ மெய்யாகச் சொன்னானோ. அவனை விட்டு நகர்ந்து போனேன். அவரைக் குளிர்பெட்டிக்குள் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. அந்த வாய் மூடி நான் பார்த்ததில்லை. வேறு யாரையோ கிடத்தியிருக்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

சோரியாங்குப்பத்திலிருந்து அவருடைய பிறந்த வீட்டார் வண்டி வைத்துக்கொண்டு வந்திறங்கினார்கள். கடலூரிலிருந்தும் உறவினர்கள் வந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. பந்தலில் குழந்தைகள் சிணுங்கத் தொடங்கின. பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, இங்க எதனா குடிக்கக் கெடைக்குமா? காலைல கெளம்பினது" என்று கூச்சத்தோடு கேட்டார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எதிரே கூடம் பூட்டிக் கிடந்தது.

குழுப் பெண்கள் எல்லோரும் அமுதவல்லியைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, துணைத்தலைவி மும்தாஜைக் கூப்பிட்டேன். பாகூரில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மனைவி, கெட்டிக்காரப் பெண்.

"மும்தாஜ், இன்னும் அடுப்பு பத்த வைக்கலையா?"

அவள் அழுத முகத்தோடு நிமிர்ந்து, "அக்கா இன்னும் போன் பண்ணலியே, அண்ணே" என்றாள்.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கிருந்த அத்தனை பெண்களின் அழுகையும் ஒரு நொடி நின்றது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். காலையிலிருந்து எல்லோரும் அந்தப் போனுக்குத்தான் காத்திருந்திருக்கிறார்கள், காத்திருப்பது தெரியாமலே. பிறகு எழுந்து ஓடினார்கள். ஒருத்தி செருப்பு மாட்டாமல், ஒருத்தி அவிழ்ந்த தலையோடு.

அன்றைக்கு அடுப்பு மூட்டியது நான்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். பொய். சிலிண்டரை நகர்த்திக் கொடுத்தேன், அவ்வளவுதான். சாம்பாரில் உப்பு கரித்தது. உப்புப் போடுவது எப்போதும் அமுதவல்லியின் வேலை. அவர் இல்லையே என்று இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டவர்கள் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டுப் பிசைந்துகொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டம் உண்டு என்று அவர் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். அதனால் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் போனேன். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மும்தாஜ் சொன்னாள்.

"அண்ணே, அக்கா உங்களுக்கு இன்னா பதில் வெச்சிருந்தாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லல. அவங்க இல்லாம எங்களால இத இழுத்துக்கினு போவ முடியுமான்னும் தெரியல. அடுப்ப எடுத்துடறோம். கூடத்த நீங்களே வெச்சிக்குங்க."

பல வருடம் மனு எழுதியும் கத்தியும் கிடைக்காதது ஒரு நிமிடத்தில் கைக்கு வந்தது. என்னிடம் காரணங்கள் தயாராக இருந்தன. புகை, கரையான், சட்டம், படிக்கிற பிள்ளைகள், எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லை. அவர் இறந்துவிட்டார் என்பது அங்கேதான் என்மேல் இறங்கியது. பேருந்து நிறுத்தத்தில் இல்லை, பந்தலில் இல்லை, இந்தக் கூடத்தில், எல்லோரும் எனக்குத் தலையாட்டியபோது.

"இப்படித்தான் குடுப்பீங்களா?" என்று கத்தினேன். "அவங்க இருந்தா குடுத்திருப்பாங்களா? யாராவது ஒருத்தர் முடியாதுன்னு சொல்லுங்க!"

பெண்கள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு குனிந்திருந்தார்கள். பின் வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தாள். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கூட்டத்தில் பேசியதில்லை என்பார்கள்.

"முடியாதுங்க" என்றாள் வசந்தி. அடுப்பைக் கை காட்டினாள். "அடுப்பு இங்கதான் இருக்கும். மழைல கொட்டகைல எரியுமா? நாளைக்கே ஒரு வூட்டுல சாவுன்னா நீங்களா சமைச்சுப் போடுவீங்க? அலமாரிய வேணும்னா அந்தச் சுவத்துக்கு நவுத்திக்குங்க."

"அந்தச் சுவர்ல ஓதம் ஏறி ஈரமா இருக்கு. புத்தகம் என்ன ஆவுறது?" என்றேன்.

"ஓதத்துக்குப் பூச்சு பூசலாம்ணே" என்றாள் மும்தாஜ்.

"யார் பூசுறது?"

"நீங்கதான்" என்று இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன. யாரோ சிரித்துவிட்டு, சிரித்ததற்காக அழுதார்கள். அதன்பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என்னை யாரும் பேசவிடவில்லை.

அடுப்பு அங்கேயே இருக்கிறது. அது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமுதவல்லி எனக்கு இழைத்தது அநியாயம் என்பதிலும் இல்லை. செத்தவர் என்பதற்காக நான் இதை மாற்றி எழுதப்போவதில்லை. ஆனால் அவரை அறிந்த உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கல்லூரியில் நான் எழுந்து பேசினால் மற்றவர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள். என் மனுக்களைப் பிரித்துப் படித்த அதிகாரி எவரும் உண்டா என்பது எனக்குத் தெரியாது. இந்த ஊரில் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கி, யோசித்து, மறுத்து, அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையையே ஒதுக்கிய ஒரே மனுஷி அவர். நான் பதில் சொல்லத் தகுந்த ஆள் என்று அவர் ஒருவர் நினைத்தார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். அதை வைத்துக்கொண்டு இனி யாரிடம் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.