மண்டிச் சுவரில் அக்கா

திண்டிவனத்தில் ஒரு முகம் ஆளுயரத்துக்கு மேல் பெரிதாகத் தெரிந்தால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, தலைவர். இல்லையென்றால், செத்துப்போனவர். பிறந்து வளர்ந்த ஊர், எனக்கு இது தெரியாமல் இல்லை. மெக்சிகோ மறக்கடித்துவிட்டது.

நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியன். கல்லூரி நாட்களில் மெக்சிகோ சுவரோவியங்களின் மேல் பித்துப் பிடித்து அலைந்தேன். புரட்சிக்குப் பிறகு அங்கே ஓவியர்கள் அரசாங்கக் கட்டடங்களின் சுவர்களில் உழவனையும் கூலிக்காரியையும் பிரம்மாண்டமாக வரைந்தார்கள். கனத்த தோள், பெரிய கை, தாழ்ந்த இமை. அந்தப் பாணி எல்லை தாண்டி அமெரிக்கத் தெருக்களுக்குப் போனது. நம் நாட்டிலிருந்தும் மெக்சிகோவுக்குப் போய்க் கற்று வந்தவர்கள் உண்டு. திண்டிவனத்துக்கு மட்டும் ஏன் வரக் கூடாது என்று எனக்கொரு பிடிவாதம்.

என் அக்கா அங்கே ஒரு மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துப் பிழைத்தவள். மார்பில் கட்டி வந்து, பாண்டிச்சேரியில் வைத்தியம் பார்த்து, தலைமுடியெல்லாம் கொட்டித் திரும்பியிருந்தாள். தேறிவிட்டாள் என்றார் டாக்டர். ஊர் நம்பவில்லை. பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே முகத்தைச் சோகமாக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள். மண்டியிலும், “நீ ரெஸ்ட் எடும்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தன்னை உயிரோடு இருப்பவளாக ஊர் நடத்த வேண்டும்.

அதற்காகத்தான் வரைந்தேன். மண்டியின் ரோட்டோரச் சுவரை ஏதோ ஒரு கட்சி ரிசர்வ் செய்வதற்குள் எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. சனி, ஞாயிறுகளில் சாரம் கட்டி வரைந்தேன். தலை நிறைய முடியோடு அக்கா உட்கார்ந்து மல்லாட்டை உடைக்கிறாள். கண்கள் மடியைப் பார்த்துத் தாழ்ந்திருக்கின்றன. நான் வரைந்ததிலேயே நல்ல படம் அது, சந்தேகமே இல்லை.

முடித்த மறுநாள், அக்காவின் நாத்தனார் விழுப்புரம் பக்கத்துக் காணையிலிருந்து சென்னைக்குப் போகிற வழியில், பஸ் ஜன்னலிலிருந்து அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறாள். ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, தெருமுனையிலிருந்தே மாரடித்து அழுதபடி வந்திருக்கிறாள். கதவைத் திறந்தது அக்கா.

“சொவுத்துல அம்மாம் பெருசா போட்டிருந்துச்சி அண்ணி. கண்ணு வேற மூடிக்கினு இருந்துச்சி. எங்களுக்குச் சொல்லாமலே எடுத்துட்டாங்கன்னு நெனச்சிட்டேன்.”

அக்கா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாளாம். மாலையை எங்கே வைப்பதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் போனபோது அது தண்ணீர்க் குடத்தின் மேல் கிடந்தது.

சாயங்காலம் மண்டிக்குப் போனேன். சுவரடியில் யாரோ ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்யும் பெண்ணொருத்தி, “பேஜாரா இருக்குது சார், ஜல்தியா அழிச்சிடுங்க” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தால்தான் இந்த ஊரில் ஒருத்தியைப் பெரிதாகப் பார்ப்பீர்களா என்று கத்தினேன்.

அதற்குள் அக்காவே வந்துவிட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

“நல்லாத்தான்டா வரைஞ்சிருக்க,” என்றாள். “ஆனா இத வச்சிக்கினு நான் எப்டிடா இந்த ரோட்டுல நடக்குறது? அழிச்சிடு.”

“நாளைக்கு ஆள் வச்சு அழிக்கிறேன் அக்கா.”

“நாளைக்கு இன்னும் யாருனா மாலையோட வருவாங்க. நீ ஏறு. ஏணிய நான் புடிச்சிக்கிறேன்.”

மண்டியிலேயே சுண்ணாம்பு கிடைத்தது. கீழே அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் மேலே அவள் நெற்றியில் ஆரம்பித்தேன். கண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அழுகையை அடக்க முடியவில்லை. அவள் ஏணியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்வரை அடியில் இருப்பது தெரியத்தான் செய்யும்.

“போயிடுச்சாடா?”

“கண்ணு மட்டும் இன்னும் தெரியுது அக்கா.”

“இன்னொரு தபா அடி,” என்றாள்.